பத்துப் பவுண்டு மெம்பர்

"அக்கா, நீங்கள்தானே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மெம்பர்? ஒருக்கா சொல்லிப் பாருங்கோவன்."

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற ஒரே கடை யாழ்ப்பாணத்துக்காரர் கடைதான். பில் போடும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் மகன் அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. பேச்சு கொஞ்சம் தாமதம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க வகுப்பு உதவியாளர் ஒருவர் இருந்தார். அக்டோபர் அரைப்பருவ விடுமுறை முடிந்து பையன் போனபோது அவர் இல்லை. பணமில்லை என்று பள்ளி சொல்லிவிட்டதாம். நான் பையை வாங்கிக்கொண்டே, "அது என் வேலை இல்லப்பா, அதெல்லாம் தலைமையாசிரியர் பார்க்கிறது" என்றேன். அவள் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்ப மெம்பருக்கு என்ன வேலை?"

பின்னால் வரிசை நின்றது. ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. காருக்கு வந்து, சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது விதிப்படி முழுக்கச் சரி. அப்புறம் ஏன் உறுத்துகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் யோசிக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மெம்பர் ஆன கதை ரொம்பச் சின்னது. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் குருவானவர் வந்தார். "நீங்கள் ஆஸ்பத்திரியில் கணக்குத் துறைதானே? நம் பள்ளிகளின் டிரஸ்டுக்கு ஒரு மெம்பர் தேவைப்படுகிறார். வருடத்துக்கு இரண்டு கூட்டம்தான்" என்றார். சர்ச்சில் காபிக் கோப்பையோடு கேட்கப்படும் எதற்கும் முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சரி என்றேன். அன்று மாலை பாளையங்கோட்டைக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "மெம்பரா? வார்டு மெம்பர் மாதிரியாளா?" என்றாள். இல்லை, பள்ளிக்கூடத்துக்கு என்றேன். "அப்போ கரஸ்பாண்டண்டா?" அதுவும் இல்லை. "சம்பளம் உண்டா?" இல்லை. "பின்ன என்னத்துக்கு?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தாளாளர் என்றால் யார் என்று தெரியும். கையெழுத்துப் போடுவார், ஆளை வேலைக்கு எடுப்பார், ஆண்டுவிழாவில் நடு நாற்காலியில் இருப்பார். வார்டு மெம்பரையும் தெரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கிலாந்தின் அகாடமி டிரஸ்டில் மெம்பர் என்பவர் இந்த இரண்டுமே இல்லை. திருநெல்வேலியில் இதற்கு ஈடான ஒரு மனிதர் உண்டு. அவரைப் பற்றிப் பிறகு.

நான்கு மாடி வீடு

அகாடமி என்றால் நகராட்சியின் கல்வித் துறைக்குக் கீழே இல்லாமல், மத்திய அரசின் கல்வித் துறையிடமிருந்து நேரே பணம் வாங்கி நடக்கும் பள்ளி. 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகள் இப்படி மாறின. அந்தப் பள்ளிகளை நடத்தும் டிரஸ்ட், சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பெனி. பங்கு கிடையாது, லாபம் கிடையாது, ஆனால் கம்பெனிதான், கூடவே அறக்கட்டளையும். கம்பெனி என்றால் அதற்கு உறுப்பினர்கள் வேண்டுமே. அவர்கள்தான் மெம்பர்கள். கம்பெனி கடனில் மூழ்கினால் ஒவ்வொருவரும் 10 பவுண்டு வரை தருவதாக உத்தரவாதம் கொடுக்கிறோம். எங்கள் பண ஆபத்து அவ்வளவுதான். இங்கே இரண்டு பேர் காபி குடித்துக் கேக் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

மேல்மாடியில் மெம்பர்கள். குறைந்தது மூன்று பேர், ஐந்து இருந்தால் நல்லது என்பது கல்வித் துறையின் விருப்பம். டிரஸ்டிடம் சம்பளம் வாங்குகிறவர் மெம்பர் ஆக முடியாது. அடுத்த மாடியில் டிரஸ்டிகள். அவர்கள்தான் கம்பெனியின் இயக்குநர்கள். பணம், பாடம், குழந்தைகளின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்கள். அதற்கும் கீழே ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்க் குழு. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். தரைத்தளத்தில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், கடைக்காரப் பெண்ணின் மகன். மேல்மாடிக்காரர்கள் செய்யக்கூடியது கைவிரல்களில் அடங்கும். டிரஸ்டிகளை நியமிக்கலாம், நீக்கலாம். ஆடிட்டரை நியமிக்கலாம். ஆண்டுக் கணக்கைப் பெற்றுக்கொள்ளலாம். நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தால் சிறப்புத் தீர்மானம் போட்டு விதிகளை மாற்றலாம். எங்களைப் போன்ற சர்ச் டிரஸ்டில் அதற்கும் திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயரின் கீழ் இருக்கும் சர்ச் வட்டாரத்தின், சம்மதம் வேண்டும், கல்வி அமைச்சரின் சம்மதமும் வேண்டும். மெம்பர்களுக்கு இங்கே சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்: கண்ணை வை, கையை வைக்காதே.

எங்கள் ஐந்து பேரில் ஒருவர் மனிதரே இல்லை. திருமண்டலத்தின் கல்வி அமைப்பே ஒரு மெம்பர். கூட்டத்துக்கு அதன் சார்பில் ஓர் அம்மையார் வந்து உட்காருவார். இன்னொருவர் பேராயருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆர்ச்டீக்கன், பதவி வழியாக வருபவர். மற்ற மூவரில் நான் ஒருத்தி. மீதி இருவரும் டிரஸ்டிகளாகவும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் டிரஸ்டிகளின் தலைவர். மெம்பர்களில் பெரும்பான்மையினர் டிரஸ்டிகளாக இல்லாமல் இருந்தால் போதும் என்பதால் இது விதிப்படி சரிதான். ஆனால் கீழ்மாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களில் இரண்டு பேர் கீழ்மாடியிலேயே குடியிருந்தார்கள்.

எழும்பூர் மணல்

திருமண்டலத்துக்கு ஏன் அந்த நாற்காலி என்று ஆரம்பத்தில் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. அரசுப் பணம், அரசுப் பாடத்திட்டம், பிள்ளைகளில் பாதிப் பேர் எந்தச் சர்ச்சுக்கும் போகாத வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பிறகென்ன? விடை பள்ளி வாசலின் மேல் இருக்கிற கல்வெட்டில் இருக்கிறது. இந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி கட்டுவதற்கு முன்பே சர்ச் கட்டிவிட்டது. 1811இல் அதற்காகவே நேஷனல் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1841ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளி கட்ட நிலம் தானம் கொடுப்பதை எளிதாக்கியது. ஊர்ப் பண்ணையார் ஒரு மூலையை எழுதிக்கொடுப்பார், நிலத்தைப் பெரும்பாலும் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் பொறுப்பில் விடுவார். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தபோது அந்தப் பள்ளிகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. உதவிபெறும் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சர்ச் நியமிக்கும் உறுப்பினர்கள்தான் பெரும்பான்மை, கட்டடச் செலவில் ஒரு பங்கும் அவர்கள் தலையில். மற்ற வகையில் சர்ச்சுக்குச் சிறுபான்மை இடம், செலவு நகராட்சிக்கு. அகாடமியாக மாறும்போது இந்த விகிதத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும். நிலம் டிரஸ்டுக்குப் போவதில்லை, பழைய பொறுப்பாளர்களிடமே இருக்கும். அதனால் திருமண்டலத்தின் நாற்காலியை யாரோ கருணையோடு போட்டுக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். அடியில் இருக்கிற மண்ணே அவர்களுடையது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆண்ட்ரூ பெல் எதிர்ப்பட்டார். ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலிக்கன் குரு. 1789இலிருந்து சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்தியவர். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் விடுதியில் கொண்டுவரச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பியதும் 1797இல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது மெட்ராஸ் முறை என்று பெயர் வாங்கியது, நேஷனல் சொசைட்டியின் பள்ளிகள் அந்த முறையில்தான் நடந்தன. பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலுக்கும் நான் உட்கார்ந்திருக்கிற மேசைக்கும் இப்படி ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று தெரிந்த அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், பிறகு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

ஆறுக்கு இரண்டு

கடைக்காரப் பெண் கேட்ட வாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். தலைமையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன், அந்த உதவியாளரைப் பற்றித்தான் கேட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து டிரஸ்டிகளின் தலைவரிடமிருந்து வந்தது. இது நிர்வாகத்தின் முடிவு, மெம்பர்கள் இதில் வருவதில்லை, உங்கள் அக்கறைக்கு நன்றி. இந்த ஊரில் "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முகம் சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. ஒரு மெம்பர் தனக்குத் தெரிந்த பிள்ளைக்காகத் தலைமையாசிரியரை அழைக்க ஆரம்பித்தால், நாளைக்கு இன்னொரு மெம்பர் தன் பேரனுக்கு இடம் கேட்பார். ஊரில் அதை நான் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

டிசம்பர் கூட்டத்துக்கான காகிதக் கட்டு அடுத்த மாதம் வந்தது. டிரஸ்டின் நிதியாண்டு ஆகஸ்ட் 31இல் முடியும், ஆடிட் செய்த கணக்கு டிசம்பர் 31க்குள் கல்வித் துறைக்குப் போயாக வேண்டும். அதனால் ஆண்டுக் கூட்டம் எப்போதும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில்தான். முந்தின வருடம், என் முதல் கூட்டம், நன்றாக நினைவிருக்கிறது. ஆடிட்டர் பேசினார், கணக்கு சுத்தம் என்றார். கணக்கைப் பெற்றுக்கொண்டோம், ஆடிட்டரை மறுபடி நியமித்தோம், பதவிக்காலம் முடிந்த இரண்டு டிரஸ்டிகளை இன்னும் நான்கு வருடத்துக்கு நியமித்தோம். ஐந்து கைகள் உயர்ந்தன. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் தேநீரும், மின்ஸ் பை என்கிற கிறிஸ்துமஸ் பலகாரமும்.

இந்த முறை கட்டைப் பிரித்தேன். கையிருப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கியிருந்தது. சம்பள உயர்வும் மின்கட்டணமும் காரணம் என்று ஒரு பத்தி. எல்லாப் பள்ளிக்கும் அதே கதைதான் என்று பக்கத்தைத் திருப்பினால் ஆளுகை அறிக்கை. அதில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு டிரஸ்டியும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எத்தனைக்கு வந்திருக்க வேண்டும் என்று பெயர் போட்டு அச்சிடுவார்கள். நிதிக் குழுவின் தலைவர் பெயருக்கு நேரே 2, அடுத்த கட்டத்தில் 6. அவர் தலைமை தாங்கிய குழுவே ஆள் போதாமல் இரண்டு முறை கூடவில்லை என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. வசந்தகாலத்தில் பட்ஜெட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டிய கூட்டம் அதில் ஒன்று. பார்த்திருந்தால் பள்ளிகளுக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்கும், வேறு ஏதாவது செலவைக் குறைத்திருக்கலாம். பார்க்காததால் செப்டம்பரில் தெரிந்தது. அக்டோபரில் வெட்டினார்கள். அவசரத்தில் வெட்டும்போது குறுகிய ஒப்பந்தத்தில் இருப்பவர்தான் முதலில் போவார். வகுப்பு உதவியாளர்.

எழுந்துபோய் அலமாரியில் முந்தின வருடக் கட்டைத் தேடினேன். அதே அட்டவணை, அதே பெயர், அங்கும் 6க்கு 2. என் முதல் கூட்டத்தில், அந்தக் கட்டு என் முன்னால் மேசையில் இருந்தபோது, இந்த மனிதரை இன்னும் நான்கு வருடத்துக்கு நியமிக்கக் கை தூக்கியிருக்கிறேன். தொழில் கணக்கு பார்ப்பது. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பவுண்டு இடறினால் தூக்கம் வராது. ஆனால் அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. பெயர்கள்தானே என்று தாண்டியிருக்கிறேன்.

கடையில் நான் சொன்ன "என் வேலை இல்லை" அன்றிரவுதான் எனக்குப் பிடிபட்டது. உதவியாளரை வைப்பதா எடுப்பதா என்பது என் வேலை இல்லை, அது உண்மை. என் வேலை அதற்குப் பத்து மாதம் முன்னால், மின்ஸ் பை ஆறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு கையைத் தூக்குவதா வேண்டாமா என்பதில் இருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பையனின் முகம் அங்கே தெரியாது. பெயர்ப் பட்டியல்தான் தெரியும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர். தேரின் சக்கரத்தோடு ஒட்டி நடக்க ஒரு சிலர்தான், கையில் முட்டுக்கட்டை. இழுப்பது அவர்கள் வேலை இல்லை. தேர் ஒழுங்காகப் போனால் கூடவே நடப்பார்கள். திரும்பவோ நிற்கவோ வேண்டிய இடத்தில் கட்டையைச் சக்கரத்துக்கடியில் சரியாகச் சொருக வேண்டும். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் ரத வீதியில் சித்தப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். முட்டுக்கட்டை போடுகிறான் என்று திட்டுவதற்குத்தான் நாம் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். பாவம், அந்த மனிதர்கள். அம்மாவுக்கு மறுபடி போன் செய்து, மெம்பர் என்றால் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் என்றேன். "அவன் காலு பத்திரம்னு சொல்லு" என்றாள்.

நல்ல மனிதர்

நிதிக் குழுத் தலைவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தப் பதிவு சின்னதாக முடிந்திருக்கும். அவர் இருபது வருடமாக அந்தப் பள்ளிகளுக்கு உழைத்தவர். ஒரு பள்ளியின் கூடத்துக்குப் பணம் திரட்டியவர். இரண்டு வருடமாக மனைவிக்கு உடம்பு சரியில்லை. அது சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் அவருக்காக ஜெபித்தோம். அவர் வராததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, பேசுவது அன்பில்லாத செயல் என்று நினைத்தோம். சர்ச் சார்ந்த அமைப்பில் இருக்கிற சிக்கல் இது என்று நினைக்கிறேன். வேறொரு கம்பெனியில் இரண்டாவது கூட்டத்துக்கு வராதபோதே யாராவது கேட்டிருப்பார்கள். நாங்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள், எப்படிக் கேட்பது? கேட்காமல் இருந்ததற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம். அவரிடம் போய், "ஐயா, உங்களுக்கு இது பாரமாக இருக்கிறதா, இறக்கி வைக்கலாமா" என்று ஒருவர் கேட்டிருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நாங்களோ இன்னும் நான்கு வருடத்தை அவர் தோளில் ஏற்றினோம், கைதட்டினோம்.

கூட்டத்துக்கு முன் ஆர்ச்டீக்கனையும் திருமண்டல அம்மையாரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினேன். அட்டவணையை மட்டும் காட்டினேன். கம்பெனிச் சட்டப்படி இயக்குநரை நீக்கப் பாதிக்கு மேல் வாக்கு போதும், ஆனால் 28 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் போதும், அந்த மூன்று பேரும் நாங்கள்தான். அந்தக் கணக்கைப் போட்டபோது யாருக்கும் சந்தோஷமாக இல்லை. அம்மையார் சொன்னார், திருமண்டலத்தில் அவர் பொறுப்பிலேயே இப்படிப் பத்து டிரஸ்டுகள், எல்லாக் கட்டையும் தன்னால் முழுக்கப் படிக்க முடிவதில்லை என்று. நேர்மையான பேச்சு. பழைய உரிமை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, உட்காருகிறவருக்கு நேரம் இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

தீர்மானம் வரைக்கும் போகவில்லை. ஆர்ச்டீக்கன் ஒரு சனிக்கிழமை நிதிக் குழுத் தலைவரின் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதம் வந்தது, இரண்டே வரி. டிசம்பர் கூட்டத்தில் நான் இரண்டு கேள்விகள் கேட்டேன்: ஆள் போதாமல் கூட்டம் நின்றபோது மெம்பர்களுக்கு ஏன் சொல்லவில்லை? டிரஸ்டிகள் குழுவை வெளியாள் ஒருவர் கடைசியாக எப்போது மதிப்பிட்டார்? டிரஸ்டிகளின் தலைவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். மதிப்பீடு செய்தது எப்போது என்று அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை. வெளியாளை வைத்துச் செய்யலாம் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவானது, கோடையில் செய்தார்கள். டிரஸ்டிகளாகவும் இருந்த இரண்டு மெம்பர்களில் ஒருவர் மெம்பர் பதவியை விட்டார். நிதிக் குழுவுக்கு ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், இதுவரை ஒரு கூட்டம் தவறவில்லை. தலைவர் இப்போதும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். காபி நேரத்தில் மட்டும் வேறு பக்கம் நிற்கிறார்.

ராஜினாமா செய்த பெரியவரை ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் பார்த்தேன். மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்து, வெயில் அடிக்கிறது பார்த்தீர்களா என்றார். அந்த அட்டவணையை முதலில் எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போவதை மட்டும் கொஞ்ச நாள் தவிர்த்தேன். முருங்கைக்காய் இல்லாமல் எத்தனை நாள் சாம்பார் வைப்பது? போன மாதம் போனேன். பையன் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டான், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த உதவியாளர் திரும்பி வரவில்லை, வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம்.

"அக்கா, பிறகு ஏதும் செய்தீங்களோ?" என்றாள்.

"ஒருத்தரை மாற்றினோம்பா."

"ரீச்சரையோ?"

"இல்லை. டிரஸ்டி ஒருத்தரை."

கறிவேப்பிலையைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"அது ஆர் அக்கா?"